ஹீற் வரேல்லையோ? முதல்ல காத்து போற வழியைப் பாருங்கோ

இந்த முறை வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸைப் பற்றித்தான், ஒன்ராறியோக் குளிர் அப்பிடி. ஒரே மாதிரிக் கேள்வியளைச் சேர்த்துப் போட்டிருக்கிறன்.

கேள்வி: அண்ணை, எங்கட ஃபேர்னஸ் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில நெருப்பு நிண்டிடுது, ஆனா ஃபேன் மட்டும் குளிர் காத்தா அடிச்சுக்கொண்டே இருக்குது, பேந்து திரும்ப எரியுது, திரும்ப நிக்குது. பழசாப் போச்சு, புதுசு போடுவம் எண்டு இவர் நிக்கிறார். மாத்தத்தான் வேணுமோ? (வாசகி, மார்க்கம்)

பதில்: அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ தங்கச்சி. முதல்ல தூசி பிடிக்கிற ஃபில்ரரைக் கழட்டி லைற்றுக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ, வெளிச்சம் தெரியேல்லை எண்டால் வருத்தம் அதுதான். அடைபட்ட ஃபில்ரருக்குள்ளால போதுமான காத்து வராட்டி உள்ளுக்க நெருப்பின்ர சூட்டைக் காத்துக்குக் குடுக்கிற ஹீற் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிச் சூடாகும், உடனை லிமிற் சுவிச் எண்ட ஒரு சின்னச் சாமான் காஸை வெட்டிப்போட்டு, சூடு இறங்கட்டும் எண்டு ஃபேனை மட்டும் ஓடவிடும், நீங்கள் சொல்லுற குளிர் காத்து அதுதான். இதை இப்பிடியே கன காலம் ஓடவிட்டால் அந்த எக்ஸ்சேஞ்சர்ல வெடிப்பு விழக்கூடும், அப்ப உண்மையாவே ஃபேர்னஸ் மாத்த வேண்டி வரும்.

1 இஞ்சி ஃபில்ரர் எண்டால் வின்ரர்ல மாசத்துக்கு ஒருக்கா பாருங்கோ. பெட்டியில மூண்டு மாசம் எண்டு போட்டிருக்கிறது எங்கட குசினியைப் பார்த்து எழுதினதில்லை, மிளகாய் வறுக்கிற, மீன் பொரிக்கிற வீட்டில அது கெதியா அடைபடும். போடேக்க அதில இருக்கிற அம்புக்குறி ஃபேர்னஸ் பக்கம் பார்த்திருக்க வேணும். நல்லதெண்டு நினைச்சு 1 இஞ்சியிலயே மெர்வ் 13 (எவ்வளவு சின்னத் தூசியைப் பிடிக்கும் எண்டதின்ர அளவுதான் மெர்வ்) வாங்கிப் போடுறவையும் இருக்கினம், கன ஃபேர்னஸுக்கு அதுக்குள்ளால மூச்சுவிட ஏலாது, மெர்வ் 8 போதும். காத்தைத் திரும்ப இழுக்கிற பெரிய வென்ற்றுக்கு முன்னால செற்றி கிடக்கோ எண்டும் பாருங்கோ. பாவிக்காத அறையளின்ர வென்ற்றுகளை மூடினால் காஸ் மிச்சம் எண்டு நினைக்கிறியள், அதுவும் இதே வருத்தத்தைத்தான் கொண்டுவரும். எல்லாம் சரி, ஃபேன் மட்டும் நிக்காமல் குளிராய் அடிக்குது எண்டால் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தேர்மோஸ்ரற்றில ஃபேன் "ஓன்"ல கிடக்கும், "ஓட்டோ"வுக்கு மாத்துங்கோ.

கேள்வி: ஸ்னோ கொட்டின இரவு ஃபேர்னஸ் நிண்டது, விடிஞ்சும் ஓடேல்லை. உள்ளுக்க ஒரு சின்ன லைற் மின்னுது. (வாசகர், பிரம்ரன்)

பதில்: சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியில போய் வீட்டுச் சுவரைப் பாருங்கோ தம்பி. உங்கட சுவரால ரெண்டு பிளாஸ்ரிக் பைப் வெளியில வருகுதோ? ஒண்டு காத்தை உள்ளுக்க இழுக்கிறது, மற்றது புகையை வெளியில தள்ளுறது. அதில ஒண்டை ஸ்னோ மூடினாலும் காத்தோட்டத்தைப் பார்க்கிற பிறெஷர் சுவிச் விடாது, காஸ் திறக்காது, ஃபேர்னஸ் பற்றாது. கையால ஸ்னோவை வழிச்செடுங்கோ, சுத்திவர ஒரு முழமாவது வெளியா இருக்கட்டும். சுடுதண்ணி ஊத்தாதேங்கோ, அது அப்பிடியே உறைஞ்சு ஐஸாப் போய் இன்னும் அடைக்கும். பிறகு ஃபேர்னஸ் சுவிச்சை நிப்பாட்டி ஒரு நிமிசம் விட்டுப் போடுங்கோ.

அப்பவும் ஓடாட்டி அந்த லைற் எத்தினை தரம் மின்னுது எண்டு எண்ணுங்கோ, மூடியின்ர உள்பக்கத்தில என்ன எண்ணிக்கைக்கு என்ன பிழை எண்டு அட்டவணை ஒட்டியிருக்கும். மூடி சரியா இருக்கேல்லை எண்டாலும் ஓடாது, அதுக்கெண்டு பின்னால ஒரு சுவிச் இருக்குது. இந்த வகை ஃபேர்னஸ்ல தண்ணியும் வடியும், அந்த ட்றெயின் குழாய் அடைபட்டாலோ உறைஞ்சாலோ இதே நிப்பாட்டல்தான். இன்னொண்டு, சிரிக்காதேங்கோ, பேஸ்மென்ற் படியடியில லைற் சுவிச் மாதிரி ஒண்டு இருக்குமெல்லோ, அது ஃபேர்னஸின்ர சுவிச். அரிசிச் சாக்கு எடுக்கப் போறவை லைற் எண்டு நினைச்சு நிப்பாட்டிப்போட்டு வந்திடுவினம்.

கேள்வி: நெருப்புப் பத்தி நாலு செக்கன்ல அணையுது, மூண்டு தரம் முயற்சி செய்துபோட்டு நிண்டிடுது. யூரியூப்ல ஒரு கம்பியைக் கழட்டி மண்காகிதத்தால தேய்க்கினம், நானும் செய்யலாமோ? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: அந்தக் கம்பி ஃபிளேம் சென்சர். நெருப்புக்குள்ளால போற மிகச் சின்ன மின்சாரத்தை வைச்சுத்தான் "நெருப்பு இருக்கு" எண்டு ஃபேர்னஸை நடத்துற போர்ட்டுக்குச் சொல்லும், மேல படை பிடிச்சால் சொல்ல ஏலாது, போர்ட் பயந்து காஸை மூடும். துடைக்கிறது பெரிய வேலையில்லைத்தான், ஆனா பக்கத்தில இருக்கிற, நெருப்புப் பத்தவைக்கிற இக்னைற்ரர் கை பட்டாலே உடையிற சாமான், அதோட ஒன்ராறியோவில காஸ் ஃபேர்னஸ் திருத்துற வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ (TSSA, மாகாணப் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழ் உள்ள ரெக்னீசியன் வேணும். ஆளைக் கூப்பிடுங்கோ. அவர் வருமட்டும் திரும்பத் திரும்ப றீசெற் பண்ணிக்கொண்டிருக்காதேங்கோ. வருசா வருசம் செப்ரெம்பர்லயே சேர்விஸ் செய்தால் இந்த வில்லங்கம் நடுச்சாமத்தில வராது.

கேள்வி: பேஸ்மென்ற்றில வாடகைக்கு இருக்கிறம். தேர்மோஸ்ரற் மேல வீட்டுக்காரர் கையில, எங்களுக்கு 17 டிகிரிக்கு மேல போகுதில்லை. குழந்தைக்குக் குளிருது, குசினி ஓவனை எரியவிட்டுத் திறந்துவைக்கிறன். (வாசகி, ரொறன்ரோ)

பதில்: அம்மா, இண்டைக்கே ஓவனை நிப்பாட்டி மூடுங்கோ. காஸ் ஓவன் எண்டால் காபன் மொனொக்சைட் எண்ட நச்சுவாயு சேரும், அதுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில தலையிடி, சத்தி, தலைச்சுத்து வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியில போய் 911 அடியுங்கோ. காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கோ? காஸ் ஃபேர்னஸ் உள்ள வீட்டில படுக்கையறைக்குப் பக்கத்தில அது இருக்கவேணும் எண்டது 2014 இல இருந்து ஒன்ராறியோச் சட்டம், 2026 ஜனவரியில இருந்து ஒவ்வொரு தளத்திலயும் வேணும். வாடகை வீட்டில அதைப் பூட்டித்தர வேண்டியது வீட்டுக்காரர்.

ரொறன்ரோவில வீட்டுக்காரர் ஹீற் குடுக்கிற வீடெண்டால் குளிர் காலத்தில 21 டிகிரிக்குக் குறையாமல் குடுக்க வேணும். முதல்ல வாயாலயும் பிறகு எழுத்திலயும் சொல்லுங்கோ, கேக்காட்டி நகரசபையின்ர 311 க்கு அடியுங்கோ. எங்கட ஆள்தானே எண்டு குளிருக்க கிடக்கத் தேவையில்லை.

கேள்வி: "கவர்ன்மென்ற் செக், உங்கட ஃபேர்னஸ் முடிஞ்சுது" எண்டு வாசலுக்கு வாறாங்கள். (வாசகர், ஏஜாக்ஸ்)

பதில்: கதவைத் திறக்காதேங்கோ. கேக்காமல் வீடுவீடா வந்து ஃபேர்னஸ் விக்கிறது ஒன்ராறியோவில 2018 மார்ச் 1 இல இருந்து தடை. முந்தி கையெழுத்து வாங்கிப்போட்டு வீட்டுப் பத்திரத்திலயே உரிமை பதிஞ்சு, வீடு விக்கேக்க பெருந்தொகை கேட்டவை இருந்தவை. 2024 ஜூன்ல அந்தப் பதிவையும் நிப்பாட்டிப்போட்டினம்.

கேள்வி: இரவில சுவருக்குள்ள டக் டக் எண்டு சத்தம், மாமி பேய் எண்டுறா. (வாசகி, மில்ரன்)

பதில்: தகரக் குழாய் சூட்டுக்கு விரிஞ்சு சுருங்கிற சத்தம், மாமி நித்திரை கொள்ளட்டும். ஆனா நெருப்புப் பத்தேக்க "டும்" எண்டு பெரிசாக் கேட்டால் காஸ் பத்தாமல் சேர்ந்து ஒரேயடியா எரியுது, உடனை நிப்பாட்டி ரெக்னீசியனைக் கூப்பிடுங்கோ. அழுகின முட்டை மணம் வந்தால் ஒரு சுவிச்சையும் தொடாமல் வெளியில போய், அங்கை நிண்டு காஸ் கொம்பனிக்கு அடியுங்கோ, அவசர நம்பர் பில்லில இருக்கும்.