நம்ம ஃபைல் நம்ம கூடவே வரணும்: கேள்வி பதில்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவன் நான், இப்ப ஆஸ்பத்திரி சிஸ்டம் ஒன்னோட ஒன்னு பேசறதுக்கு வழி பண்ணி குடுக்கிறதுதான் வேல. ஓப்பன் சோர்ஸ் பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒவ்வொன்னா சொல்றேன்.

டவுன்ல கிளினிக் வச்சிருக்க டாக்டர் தங்கச்சி: அண்ணே, ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் போட்டா மத்த ஆஸ்பத்திரியோட தானா கனெக்ட் ஆயிடுமா?

ஆகாதும்மா. இத எல்லாரும் ஒன்னா போட்டு கொழப்பிக்கிறாங்க. ஓப்பன் சோர்ஸ்னா கோடு தொறந்து கெடக்கு, யாரும் பாக்கலாம் மாத்தலாம், அவ்ளோதான். ரெண்டு சிஸ்டம் பேசிக்கணும்னா ரெண்டுக்கும் ஒரே பாஷ தெரியணும், அந்த பாஷைக்கு பேருதான் ஸ்டாண்டர்ட். ஆஸ்பத்திரி டேட்டாவுக்கு ஸ்டாண்டர்ட் எழுதறதுக்கு எச்எல்7 (HL7)-னு ஒரு அமைப்பு 1987-ல ஆரம்பிச்சாங்க, அவங்களோட பழைய வெர்ஷன் 2 மெசேஜ் இன்னைக்கும் லேப் மெஷின்லேர்ந்து வார்டு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. 2011-ல க்ரஹாம் க்ரீவ்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் முன்னாடி வச்ச புது ஸ்டாண்டர்டுதான் ஃபயர் (FHIR), வெப்சைட் எப்படி டேட்டா எடுக்குதோ அதே வழியில நோயாளி, மருந்து, அலர்ஜின்னு தனித்தனியா கேட்டு வாங்கலாம். காசு குடுத்து வாங்குற மூடின சாஃப்ட்வேர்லயும் ஃபயர் பேசறது இருக்கு, ஓப்பன் சோர்ஸ்லயும் எதுவுமே பேசாதது இருக்கு. ரெண்டுல ஒன்னுதான் கெடைக்கும்னா நான் ஸ்டாண்டர்டத்தான் எடுப்பேன்.

தோட்டத்துல கிராணியா (கணக்கெழுதறவரா) இருந்து ரிட்டையர் ஆன ஐயா: சும்மா குடுக்கிறாங்கன்னா எதுக்கு தம்பி குடுக்கிறாங்க? நாளைக்கு வந்து காசு கேக்க மாட்டாங்களா?

ஐயா, தோட்டத்த துண்டு போட்டு வித்த காலத்த நீங்க பாத்திருப்பீங்க. 1960-ல நம்ம ஊர்க்காரர், அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சு, தொழிலாளிங்க பத்து பத்து வெள்ளியா போட்டு தோட்டத்தையே வாங்கினாங்க, அப்புறம் எந்த மொதலாளியும் வந்து எறங்குடான்னு சொல்ல முடியல. இதுவும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் ஐயா, ஆனா இதுல பங்கு போடறது காசு இல்ல, உழைப்பு. ஓப்பன்எம்ஆர்எஸ்னு நோயாளி ரெக்கார்டு வைக்கிற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் 2004-ல ஆரம்பிச்சது, கென்யாவுல எச்ஐவி நோயாளிங்கள பாக்கிறதுக்கு வளந்தது. அதுக்கு மேல கட்டினது பாம்னி, சத்தீஸ்கர்ல கனியாரின்னு ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்காக செஞ்சாங்க. ஆனா ஐயா, லைசென்சுக்குத்தான் காசு இல்ல. சர்வர், ட்ரெய்னிங், ராத்திரி ரெண்டு மணிக்கு படுத்துருச்சுன்னா எழுந்து வர ஒரு ஆளு, இதுக்கெல்லாம் செலவு உண்டு, இத மறைச்சு பேசறவங்கள நம்பாதீங்க.

ஐடி படிக்கிற தம்பி: அண்ணே, மிர்த் கனெக்ட் ஓப்பன் சோர்ஸ் இல்லன்னு சொல்றாங்களே?

உண்மதான்டா. ஒரு சிஸ்டத்துலேர்ந்து மெசேஜ் வாங்கி மாத்தி இன்னொன்னுக்கு அனுப்பறதுக்கு ரொம்ப பேர் அதத்தான் வச்சிருந்தோம், 2025-ல 4.6 வெர்ஷன்லேர்ந்து கமெர்ஷியல் லைசென்ஸ் ஆக்கிட்டாங்க. எனக்கு வருத்தந்தான். ஆனா பழைய வெர்ஷனோட கோடு யாராலயும் திரும்ப வாங்க முடியாத லைசென்ஸ்ல இருந்துச்சு, அத எடுத்து ஓப்பன் இன்டக்ரேஷன் எஞ்சின்னு தனியா நடத்துறாங்க. ஃபயர் கத்துக்கணும்னா ஹாப்பி ஃபயர்னு (HAPI FHIR) ஓப்பன் சோர்ஸ் சர்வர் இருக்கு, அத லேப்டாப்ல போட்டு வெளையாடு, காசு ஒன்னும் ஆகாது.

தோட்டத்து கிளினிக் ஹெச்.ஏ. (ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட்) அண்ணன்: நம்ம பாட்டிங்க பேரு எடத்துக்கு ஒரு மாதிரி இருக்கு, இத எந்த கம்ப்யூட்டர் சேத்து வைக்கும்?

அண்ணே, கரெக்டான எடத்துல கை வச்சீங்க, எங்க வேலைல பாதி இதுதான். ஒரே பாட்டி, ஐசியில (அடையாள கார்டுல) லெச்சுமி, கிளினிக் கார்டுல லெட்சிமி, ஆஸ்பத்திரியில லட்சுமி, அப்பா பேரு ஒன்னுல முழுசா இருக்கும் ஒன்னுல பாதி இருக்கும், பொறந்த தேதி யாருக்கும் தெரியாம 1 ஜனவரின்னு எழுதியிருப்பாங்க. பேர வச்சு தேடினா மூணு பாட்டி, ஆள பாத்தா ஒருத்தர். 12 இலக்க ஐசி நம்பர் இருந்தா பாதி பிரச்ன தீருது, ஆனா ஐசியே இல்லாதவங்க நம்ம தோட்டத்துல இன்னும் இருக்காங்களே. அதனாலதான் எனக்கு ஃபயர் புடிக்கும், அதுல ஒரு ஆளுக்கு ஒரே நம்பர்னு அடம் புடிக்கிறதில்ல, ஐசி, பாஸ்போர்ட், தோட்டத்து கார்டு நம்பர் எல்லாத்தையும் யார் குடுத்ததுன்னு சேத்து வரிசையா வைக்கலாம், பழைய பேரையும் வைக்கலாம், பொறந்த வருசம் மட்டும் தெரிஞ்சா வருசம் மட்டும் போடலாம், பொய்யா ஜனவரி போட வேணாம். ரெண்டு ரெக்கார்டு ஒரே ஆளுன்னு தெரிஞ்சா ஒன்ன இன்னொன்னோட கட்டி வைக்கவும் வழி இருக்கு. ஆனா பேர் ஒத்துப்போகுதுன்னு கம்ப்யூட்டரே தானா சேக்க விடாதீங்கண்ணே. ஒரு ஆளுக்கு ரெண்டு ஃபைல் இருந்தா தொல்ல, ரெண்டு பேர ஒரே ஃபைல்ல போட்டா உயிருக்கே ஆபத்து, பென்சிலின் ஆகாதவங்களுக்கு அந்த குறிப்பே இல்லாம போயிடும். ஆள தெரிஞ்ச நீங்க பாத்து சரின்னு சொன்னாத்தான் சேக்கணும்.

சாப்பாட்டுக்கடை அக்கா: இந்தியாவுல எடுத்த ரிப்போர்ட்ல சுகர் 180னு இருக்கு, இங்க 10னு சொல்றாங்க, யாரு பொய் சொல்றா?

யாரும் பொய் சொல்லலக்கா, ரெண்டும் ஒன்னுதான். அங்க மில்லிகிராம் கணக்கு, இங்க மில்லிமோல் கணக்கு, 18-ஆல வகுத்தா வந்துரும். ஆனா மனுசனுக்கு புரியிறது மெஷினுக்கு புரியணுமே, வெறும் நம்பர மட்டும் அனுப்பினா பெரிய தப்பு நடக்கும். கிட்னிக்கு பாக்குற கிரியாட்டினின் அங்க மில்லிகிராம்ல 1.2-ன்னா இங்க மைக்ரோமோல்ல 106, யூனிட் எழுதாம வந்தா டாக்டர் என்ன செய்வாங்க? அதுக்குத்தான் லேப் டெஸ்டுக்கு லாயின்க் (LOINC)-னு ஒரு கோடு வரிசை இருக்கு, ரத்த சுகருக்கு மில்லிகிராம்னா 2345-7, மில்லிமோல்னா 14749-6, லாயின்க் தெரிஞ்ச எந்த நாட்டு சிஸ்டமும் பாத்த ஒடனே புரிஞ்சிக்கும். நீங்க பேப்பர பத்திரமா வச்சு டாக்டர்கிட்ட அப்படியே காட்டுங்கக்கா.

கோயில் கமிட்டி அண்ணன்: எக்ஸ்ரே சிடி எல்லா எடத்துலயும் தொறக்குமா?

பெரும்பாலும் தொறக்கும், எக்ஸ்ரே, ஸ்கேன் படத்துக்கு டைகாம்னு ஸ்டாண்டர்ட் 1993-லேர்ந்து இருக்கு. பெல்ஜியத்துல லியேஜ் ஆஸ்பத்திரியில செஞ்ச ஆர்த்தங்க்னு இந்த படங்கள வைக்கிற சர்வர் ஓப்பன் சோர்ஸ், சின்ன எடத்துக்கு அதுவே போதும்.

அதே டாக்டர் தங்கச்சி: அப்ப சிஸ்டம் வாங்கறதுக்கு முன்னாடி நான் என்னதான் கேக்கணும்ண்ணே?

ஒன்னு சொல்றேன் கேளும்மா. எனக்கு தெரிஞ்ச ஒரு கிளினிக், வித்த கம்பெனி கடைய மூடிட்டு போயிட்டாங்க, பத்து வருசத்துக்கு மேல உள்ள நோயாளி ரெக்கார்டு உள்ளயே மாட்டிக்கிச்சு, கடைசியில ஒவ்வொரு பக்கமா பிரிண்ட் எடுத்து நர்ஸ் பிள்ளைங்க ராத்திரி பகலா திரும்ப டைப் பண்ணாங்க. அந்த பிள்ளைங்கள பாக்கவே முடியல. அதனால உள்ள போடறது எப்படின்னு கேக்காத, வெளிய எடுக்கிறது எப்படின்னு கேளு. சொல்றத நம்பாம, டெமோ அன்னைக்கே பொய்யா ஒரு நோயாளிய பதிஞ்சு ரெண்டு மருந்து, ஒரு அலர்ஜி, ஒரு லேப் ரிசல்ட் போட்டு, இத ஃபயரா எடுத்து குடுங்கன்னு சொல்லு. பிடிஎஃப் குடுத்தா வாங்காத, அது படம் மாதிரி, வேற சிஸ்டம் படிக்காது. காண்ட்ராக்ட்ல டேட்டா கிளினிக்கோடதுன்னும் போகும்போது காசு கேக்காம குடுக்கணும்னும் எழுத சொல்லு. மலேசியாவோட 2010 தனிநபர் டேட்டா பாதுகாப்பு சட்டம் உன்ன மாதிரி தனியார் கிளினிக்குக்கு பொருந்தும், அதனால பாஸ்வேர்ட எல்லாரும் பகிர்ந்துக்கிறது, வாட்சப்ல ரிப்போர்ட் அனுப்பறது இதயெல்லாம் இன்னைக்கே நிறுத்திடு.

அந்த டெமோ ஃபைல் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பும்மா, நானே தொறந்து பாத்து சொல்றேன்.