கேஸ் மாத்திரை பற்றிக் கேளுங்கள்: மருந்தாளுநர் பதில்கள்

கேள்வி: அக்கா, பான்டோபிரசோல் தினமும் சாப்பிட்ட பிறகு போடுகிறேன். நெஞ்சு கரிப்பு அடங்கவே இல்லை. இரண்டாகப் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, முதலில் நேரத்தை மாற்றுங்கள். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு உள்ளே போகும்போதுதான் மும்முரமாக ஓடும். ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்து பிடித்து நிறுத்தும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். உடைக்காமல், மெல்லாமல் விழுங்குங்கள். மேல்பூச்சு போனால் அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். ராத்திரி சாப்பிட்டதும் படுக்கவும் கூடாது.

கேள்வி: அப்பா பல வருஷமாக இதே மாத்திரை போடுகிறார். நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக எரிகிறதாம்.

பதில்: அவர் சொல்வது நிஜம். நீண்ட நாள் அமிலத்தை அடக்கி வைத்தால் உடம்பில் அமிலம் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடிவிடும். மாத்திரையைச் சட்டென்று விட்டதும் சில வாரங்களுக்கு அமிலம் மிகையாகச் சுரக்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம்.

அதற்கு முன் பழைய சீட்டைத் தேடி எடுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை போடுகிறவரா? இரைப்பையில் ரத்தம் கசியாமல் இருக்க இந்தக் கேஸ் மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்படி எதுவும் இல்லாமல், என்றோ ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து எழுதியது இன்றுவரை தொடர்கிறது என்றால், அதைப் பார்த்து எனக்கு மனசு ஆறுவதில்லை. வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுக்கிறார் என்றால் பி12 அளவைக் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: எண்டோஸ்கோபியில் எச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இருக்கிறது என்றார்கள். 14 நாள் மருந்து. வாயெல்லாம் கசக்கிறது, பாதியில் விடலாமா?

பதில்: விடாதீர்கள் அம்மா. கசப்பு அந்த ஆன்டிபயாடிக்குகளால் வருவது, மருந்து முடிந்தால் போய்விடும். பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். 1984-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-ல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். அல்சருக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்ற பேச்சு அதனால்தான் மாறியது. மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பரிசோதியுங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரம் பான்டோபிரசோல் வகை மாத்திரை கூடாது, முடிவு தப்பாக வரும்.

கேள்வி: முட்டி வலிக்கு அம்மா டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார். இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறது.

பதில்: அந்த மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள், இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரைப்பைச் சுவரைக் காக்கும் படலத்தை அது மெலியச் செய்யும், உள்ளே ரத்தம் கசியலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும், ஆனால் அதுதான் காரணம் என்று வீட்டில் இருந்தபடி முடிவு செய்யாதீர்கள். தலைசுற்றலோ ரத்த வாந்தியோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். போட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.