நாய், பூனை மூளைத் தொற்று: சில கேள்விகள்

நாலு மாதக் குட்டிக்கு மூக்கொழுகலும் பேதியும் நின்று இரண்டு வாரம் ஆகிறது. இப்போது தூக்கத்தில்கூட ஒரு கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வலிப்பா?

நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சளியும் பேதியும் அடங்கி ஒன்று முதல் மூன்று வாரத்தில், சிலவற்றில் மாதங்கள் கழித்துக்கூட, நரம்பில் அறிகுறி காட்டும். இந்தத் துடிப்பில் ஒரே தசை தாளம் தப்பாமல் துடிக்கும், நினைவு தப்பாது. சூயிங்கம் மெல்வதுபோல் தாடை அடித்து நுரை தள்ளினால் அது வலிப்பு. பாதத்தைத் தடவிப் பாருங்கள், தோல் தடித்துச் சொரசொரப்பாக இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

வைரஸைக் கொல்ல நிரூபணமான மருந்து இல்லை. பினோபார்பிடோன் வலிப்பைக் கட்டுப்படுத்தும். கால் துடிப்புக்குப் பெரும்பாலும் கேட்காது. சாப்பிட்டு நடமாடினால் துடிப்போடே பல வருஷம் வாழலாம். அவசரப்பட்டுக் கருணைக்கொலைக்குப் போக வேண்டாம். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வாயில் கரண்டி விடாதீர்கள்.

"டிஸ்டம்பருக்கு ஒரு தடுப்பூசி போட்டோமே" என்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி தடுப்பூசியையே முறித்துவிடும். அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி 3-4 வாரத்துக்கு ஒன்றாக, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்தபின்.

நாய்க்கு வாய் தொங்குகிறது, எச்சில் வடிகிறது, தண்ணீர் இறங்கவில்லை. எலும்பு சிக்கியிருக்குமா?

கையை விட்டுப் பார்க்காதீர்கள். வெறிநோயில் தொண்டைத் தசை செயலிழந்தாலும் இப்படித்தான் இருக்கும். பூட்டி வைத்து மருத்துவரை அழையுங்கள். எச்சில் உங்கள் கீறலில் பட்டிருந்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி (மஞ்சள், சுண்ணாம்பு கூடாது), அன்றே உங்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள். நாயை 10 நாள் பார்த்துவிட்டுப் போடலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு வயதுப் பூனை. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சல், பின்னங்கால் தள்ளாட்டம், கண் நிறமும் மாறியிருக்கிறது.

எஃப்ஐபி என்ற பூனை கொரோனா வைரஸ் நோயின் உலர் வகையை (வயிற்றில் நீர் கோக்காதது) முதலில் நினைக்க வேண்டும். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்றும் இதேபோல் வரும், அதற்குக் கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக். எஃப்ஐபிக்கு ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, வழக்கமாக 84 நாள். மூளைக்குள் மருந்து எளிதில் புகாததால் வயிற்றில் நீர் கோக்கும் வகையைவிட அளவு கூடுதல். வாரம் ஒருமுறை எடை பாருங்கள்: பூனை தேறி எடை ஏறும்போது மருந்தின் அளவை ஏற்றாமல் விட்டால் நோய் திரும்பலாம்.

தலை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது.

முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்காதில் சீழ் பிடித்தாலும் சாயும்.