5ஜி ஸ்லைஸ் உண்மையிலேயே தனியா? பக்கத்து ஸ்லைஸ்காரர் எங்களுடையதற்குள் வர வழி உண்டா?

கேள்வி: மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஐ.டி. பார்க்கிறேன். எல்லோருடைய போனும் ஓடுகிற அதே 5ஜி நெட்வொர்க்கில் எங்களுக்கென்று ஒரு ஸ்லைஸ் ஒதுக்கித் தருவதாக வந்து பேசுகிறார்கள். அது உண்மையிலேயே தனியாக இருக்குமா? பாதுகாப்பை நம்பலாமா?

பதில்: மொபைல் கோர் (நெட்வொர்க்கின் மைய மூளை) சோதனை வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். தனிதான், ஆனால் விற்க வருகிறவர் படம் போட்டுக் காட்டுகிற அளவுக்குத் தனி இல்லை.

நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில். ஐந்து குடும்பம். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு கரண்ட் மீட்டர். மெட்ரோ தண்ணீர்க் குழாய் மட்டும் ஒன்று, மாடிப்படியும் ஒன்று. அந்த வீட்டில் திருட்டுப் போனதாக எனக்கு நினைவில்லை. சண்டையெல்லாம் குழாயடியில்தான். மாடி வீட்டுக்காரர் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினால், கீழே வரிசையில் வைத்த குடங்களில் காற்றுதான் வரும். ஸ்லைஸைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வரும். கதவு எத்தனை என்று எண்ணாதீர்கள், எதெல்லாம் பொதுவில் இருக்கிறது என்று கேளுங்கள்.

முதலில், ஸ்லைஸ் என்பது ஒரே நெட்வொர்க்கை மென்பொருளால் பிரித்து ஒருவருக்கென்று ஒதுக்கிய பங்கு. நெட்வொர்க்குக்குள் அதைக் காட்டுவது ஓர் அடையாள எண். 32 பிட். அதில் 8 பிட் எந்த வகை ஸ்லைஸ் என்று சொல்லும் (1 என்றால் வேகமான டேட்டா, 2 என்றால் தாமதமே கூடாத வேலை, 3 என்றால் ஏராளமான சென்சார்கள்). மீதி 24 பிட், ஒரே வகைக்குள் உங்களுடையது எது என்று பிரித்துக்காட்ட. ஒரு போன் ஒரே சமயத்தில் எட்டு ஸ்லைஸ் வரை வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் முதல் பொதுக்குழாய் வருகிறது. டேட்டாவைக் கடத்துகிற யு.பி.எஃப்., இணைப்பை நிர்வகிக்கிற எஸ்.எம்.எஃப். இரண்டையும் ஸ்லைஸுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம். ஆனால் போன் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கவனிக்கிற ஏ.எம்.எஃப். ஒரு போனுக்கு ஒன்றுதான் இருக்க முடியும். ஆகவே அந்த போன் தொட்ட எல்லா ஸ்லைஸும் அங்கே ஒன்றுசேர்கின்றன.

பலர் தவறாக நினைக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் வேறு சாவி (டேட்டாவைப் பூட்டுகிற ரகசிய எண்) கிடையாது. சிம்மிலிருந்து பிறக்கிற சாவிக் குடும்பம் ஒன்றுதான். உங்கள் இணைப்புக்கு மறையாக்கம் கட்டாயம், மாற்றம் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு கட்டாயம் என்று கொள்கை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் காற்றில் போகும்போது பூட்டுகிற சாவி அந்த போனின் எல்லா ஸ்லைஸுக்கும் பொது.

2021-இல் அடாப்டிவ்மொபைல் செக்யூரிட்டி என்ற நிறுவனம் வெளியிட்ட ஆய்வு இந்தப் பொது இடங்களைத்தான் குறிவைத்தது. எப்படியென்றால், நம் துறைமுகத்தில் இரண்டு கண்டெய்னர் டெர்மினல்கள் இருக்கின்றன அல்லவா. ஒரு டிரெய்லர் டிரைவர் ஜீரோ கேட்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். அவர் கையில் இருக்கும் பாஸ் அசல். ஆனால் பாஸ் முதல் டெர்மினலுக்கு, அவர் வாயால் கேட்பது இரண்டாவது டெர்மினலின் பெட்டியை. காவலாளி பாஸ் அசலா என்று மட்டும் பார்த்துவிட்டு, கேட்கிற பெட்டிக்கும் பாஸுக்கும் பொருத்தம் உண்டா என்று பார்க்காமல் அனுப்பினால்? அந்த ஆய்வு சொன்னது கிட்டத்தட்ட இதுதான். சான்றிதழை ஓர் அடுக்கு சரிபார்க்கிறது, கோரிக்கைக்குள் எழுதியிருக்கிற ஸ்லைஸ் எண்ணை இன்னோர் அடுக்கு படிக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இல்லை. ஒரு ஸ்லைஸின் உறுப்பு (எஸ்.எம்.எஃப். மாதிரி உள்ளே ஓடுகிற ஒரு மென்பொருள்) கெட்டவர் கைக்குப் போனால், பொதுவாக இருக்கும் உறுப்புகள் வழியாக இன்னொரு ஸ்லைஸின் பயனர் இருப்பிடத்தை எடுக்கவோ அதன் சேவையை முடக்கவோ வழி இருந்தது. வெளியிலிருந்து யாரோ ஒரு பையன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு செய்கிற காரியம் இல்லை, முதலில் உள்ளே ஓர் உறுப்பைப் பிடித்தாக வேண்டும். ஆனாலும், பொதுமக்களுக்கான ஸ்லைஸையும் உங்கள் ஆலையின் ஸ்லைஸையும் ஒரே வீட்டில் குடிவைக்கும்போது இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

அப்புறம், யாரும் தாக்காமலே சுவர் இடிந்த கதை ஒன்று. ஒரு சோதனை நெட்வொர்க்கில் வேலை பார்த்தபோது நடந்தது. இரண்டு ஸ்லைஸ், இரண்டு யு.பி.எஃப்., காகிதத்தில் பக்காவாகத் தனித்தனி. ஒன்றில் வீடியோ லோடை ஏற்றினோம், மற்றதில் தாமதம் தாறுமாறாக எகிறியது. அரை நாள் ரேடியோவைத் திட்டினோம். தோண்டிப் பார்த்தால் அந்த இரண்டு யு.பி.எஃப். ஓடிய கண்டெய்னர்களும் ஒரே சர்வரில், ஒரே நெட்வொர்க் கார்டில் உட்கார்ந்திருந்தன. (இது மென்பொருள் கண்டெய்னர், ஒரு சர்வருக்குள் ஒரு மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டுகிற உறை. எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்பது வேறு.) இரண்டையும் வெவ்வேறு சர்வரில் வை என்று சொல்கிற சில வரிகள் கான்ஃபிக் ஃபைலில் விடுபட்டிருந்தன. மாடி வீட்டு மோட்டார் அதேதான். இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது: இரண்டு ஸ்லைஸையும் நிர்வகிக்கிற திரைக்கு ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட். கண்டெய்னர்கள் சர்வரின் கெர்னலையும் (இயங்குதளத்தின் அடிப்பகுதி) பகிர்ந்துகொள்கின்றன, அதில் ஒரு ஓட்டை இருந்தால் வேகம் குறைவதோடு விஷயம் நிற்காது. அமெரிக்க அரசின் பாதுகாப்பு அமைப்புகளான என்.எஸ்.ஏ.வும் சிசாவும் 2022 டிசம்பரில் ஸ்லைசிங் ஆபத்துகளைப் பற்றி வெளியிட்ட ஆவணத்தில், தவறான கான்ஃபிகரேஷனை ஒரு முக்கிய ஆபத்தாகவே எழுதியிருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ரேடியோவில் நிலைமை கொஞ்சம் தேவலை. உங்கள் ஸ்லைஸுக்கு இவ்வளவு சதவீதம் என்று மூன்று விதமாக ஒதுக்கலாம். யாரும் தொடவே முடியாத பங்கு ஒன்று, நீங்கள் பயன்படுத்தாதபோது மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு ஒன்று, அதற்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு ஒன்று. தொட முடியாத பங்கு சும்மா கிடந்தாலும் ஆபரேட்டருக்கு நஷ்டம், அதனால் விலை ஏறும். ஆனால் யாராவது ஜாமர் (சிக்னலை அடைக்கிற கருவி) வைத்தால் எல்லா ஸ்லைஸும் சேர்ந்தே விழும், அதற்கு இந்த ஒதுக்கீடு எதுவும் செய்யாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தருவது முழு 5ஜி கோரா, 4ஜி கோரின் மேல் ஏறிய 5ஜியா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது என்றால் நாம் பேசுகிற ஸ்லைஸே கிடையாது. 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி வந்தபோது ஜியோ முதல் வகையிலும் ஏர்டெல் இரண்டாவது வகையிலும் தொடங்கின, ஆகவே இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. அடுத்து, யு.பி.எஃப்.ஐ உங்கள் ஆலை வளாகத்துக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் குறைந்தபட்சம் தனி சர்வரில். என்னைக் கேட்டால் கொடுக்கிற காசில் பாதி இதற்கே தகும். மொபைல் நெட்வொர்க் தரநிலைகளை எழுதுகிற 3ஜிபிபி அமைப்பின் ரிலீஸ் 16-இல் வந்த ஒரு வசதியும் உண்டு: சிம்மை ஆபரேட்டர் சரிபார்த்த பிறகு, உங்கள் ஸ்லைஸுக்குள் விடலாமா என்று உங்கள் கம்பெனி சர்வரும் ஒருமுறை சரிபார்க்கலாம், வேலையை விட்டுப் போனவரின் சாதனத்துக்குக் கொடுத்த அனுமதியை நீங்களே திரும்பப் பெறலாம். ரிலீஸ் 17-இல் ஒரு ஸ்லைஸுக்குள் எத்தனை சாதனம் என்று வரம்பு போடவும் வழி வந்தது. இவற்றை அவர்கள் உண்மையில் இயக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், பிரசுரத்தில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மொபைல் நிறுவனங்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ.வின் ஸ்லைஸ் படிவத்தில் தனிமையின் அளவு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். இதற்கெல்லாம் மேல் உங்கள் சொந்த வி.பி.என். (உங்கள் சாவியிலேயே பூட்டிப் போகும் இணைப்பு) ஒன்றையும் ஓட்டுங்கள். ஸ்லைஸ்தான் இருக்கிறதே, வி.பி.என். எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் ஆபீசிலேயே இருக்கிறார்கள்.

மாடிக்காரர் மோட்டார் போடுகிற நேரம் பார்த்துத்தான் எங்கள் அம்மா கீழ்க்குழாயைத் திறந்து பார்ப்பார். நீங்களும் கையெழுத்துப் போடுவதற்கு முன், பொது ஸ்லைஸில் முழு லோடு ஏறியிருக்கிற சாயங்கால நேரத்தில், உங்கள் ஸ்லைஸின் தாமதத்தை உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்த ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்காதீர்கள்.