எலிக்கும் முடக்குவாதமா?

கேள்வி: எனக்கு முடக்குவாதம். உங்கள் உடம்பே உங்கள் மூட்டைத் தாக்குகிறது என்கிறார் டாக்டர். இதை எலிகளிடம் ஆராய்கிறார்களாமே, எலிக்கு எப்படி வரவழைக்கிறார்கள்?
- வாசகி, கரூர்

பதில்: பல வழிகள் உண்டு, அம்மா. எனக்குப் பிடித்தது தற்செயலாகக் கிடைத்த ஒன்று. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் டயான் மாத்திஸ், கிறிஸ்தோஃப் பெனுவா குழுவினர், டி செல்லில் (அந்நியக் கிருமிகளை அடையாளம் காணும் எதிர்ப்பு செல்) மரபணு மாற்றம் செய்த எலியைச் சர்க்கரை நோய் வரும் எலி இனத்தோடு கலந்தார்கள். பிறந்த குட்டிகளுக்குச் சில வாரங்களிலேயே கணுக்கால் சிவந்து வீங்கியது. 1996இல் அதை வெளியிட்டார்கள்.

அந்த டி செல்கள், சர்க்கரையைச் செரிக்க எல்லா செல்களிலும் இருக்கும் ஒரு நொதியை அந்நியன் என்று நினைத்துவிடுகின்றன. உடனே பி செல்கள் என்னும் இன்னொரு வகை எதிர்ப்பு செல்களை உசுப்ப, அவை அந்த நொதிக்கு எதிரான ஆன்டிபாடிகளை, அதாவது அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்களை, உற்பத்தி செய்து தள்ளுகின்றன. நோயுற்ற எலியின் சீரத்தை (ஆன்டிபாடிகள் மிதக்கும் இரத்தத் தெளிநீர்) நல்ல எலிக்கு ஊசியில் ஏற்றினால் இரண்டொரு நாளில் அதன் பாதமும் உப்பிவிடும். டி செல், பி செல் இரண்டும் இல்லாத எலிக்கும் இதே கதி; ஆன்டிபாடி மட்டுமே போதும்! மாணவப் பருவத்தில் அப்படிப்பட்ட கணுக்கால்களைக் காலிப்பரில் அளந்திருக்கிறேன். அரை மில்லிமீட்டர் கூடினாலே எலி காலை ஊன்றத் தயங்கும்.

எங்கும் இருக்கும் நொதிக்கு மூட்டு மட்டும் ஏன் பலியாகிறது? நொதியும் ஆன்டிபாடியும் குருத்தெலும்பின் மேல் படிகின்றன. அங்கே அழற்சியை அடக்கும் காவல் புரதங்கள் இல்லை. அதனால் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன.

உங்கள் நோயில் பெரும்பாலும் ஆன்டிபாடிகளின் இலக்கு வேறு: சிட்ருலின் ஏறிய புரதங்கள், அதாவது ஓர் அமினோ அமிலம் சிட்ருலினாக உருமாறிய புரதங்கள். 'ஆன்டி சிசிபி' பரிசோதனை தேடுவது அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத்தான்.