சாப்ட்பால் மேட்ச்ல பிட்சர் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டுப் பந்து போடலாமா?

போடலாம். முதல்ல பதிலைச் சொல்லிடுறேன், ஏன்னா இதைக் கேட்டவங்க அனேகமா ஒரு பொண்ணோட அப்பாவோ அம்மாவோதான், ரெண்டு நாள்ல மேட்ச் இருக்கும், யாரோ ஒருத்தர் "இதெல்லாம் போட்டுக்கிட்டு எறங்கக் கூடாது"ன்னு சொல்லியிருப்பாங்க, பொண்ணு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கும்.

நான் தஞ்சாவூர் மாவட்டத்துல ஒரு ஸ்கூல்ல பி.டி. டீச்சர், காலேஜ்ல படிக்கிறப்ப நானும் பிட்சர்தான். "நீ என்ன பெரிய அம்பயரா"ன்னு கேக்க வர்றவங்களுக்கு, இல்லைங்க, ஆனா ரூல் புக்கை வரி வரியாப் படிச்சிருக்கேன். பிட்சர் கூலிங் கிளாஸே போடக் கூடாதுன்னு நான் படிச்சதுல எங்கயும் இல்ல. பேட்டரோட கண்ணை பந்துலேர்ந்து திருப்புற மாதிரி எதையும் பிட்சர் போட்டிருக்கக் கூடாது, அப்படி இருக்கான்னு முடிவு பண்றது அம்பயர், அவர் கழட்டச் சொன்னா கழட்டணும், அவ்வளவுதான். அதனால மெர்குரி கிளாஸ், அதாவது எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சியே அதுல தெரியுற மாதிரி பளபளன்னு வருதே, அது வேண்டாம். தொப்பி மேல தூக்கி மாட்டிக்கிட்டும் போடாதீங்க, கை சுத்துறப்ப தலை ஆடும், கண்ணாடி வெயில்ல மின்னும், பேட்டர் பாவம். மங்கலான பிரவுன் கலர், மின்னாத ஃபிரேம், பின்னால ஸ்ட்ராப். இதை எந்த நியாயமான அம்பயரும் தடுக்க மாட்டாரு. போட்டிக்குப் போட்டி கொஞ்சம் மாறும், அன்னைக்குக் காலையில மேனேஜர்ஸ் மீட்டிங்லயே கேட்டுக்கிறது நல்லது.

இப்ப என் கதை.

போன வருஷம் புரட்டாசியில ஒரு டோர்னமென்ட், ஊர் பேரு வேண்டாம். என் டீம்ல ஒரு பொண்ணு, அவங்க அம்மா நடவு நடப் போறவங்க, வீட்டுல மூணு பேரும் வயலை நம்பித்தான். பந்து நல்லா போடும், ஆனா மத்தியானத்துக்கு மேல மேட்ச் வச்சா கண்ணைச் சுருக்கிக்கிட்டே நிக்கும், கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்தும். எனக்கு இதைப் பாத்தாலே வயித்தைக் கலக்கும். எங்க அம்மாவும் நடவுக்குப் போனவங்கதான். சேத்துத் தண்ணி மேல பட்டுத் திரும்புற வெயில், ஆடிக் காத்து, அறுப்புக் காலத்துல வைக்கோல் தூசின்னு பட்டுப் பட்டு, அம்மாவுக்கு மூக்குப் பக்கத்துலேர்ந்து கண்ணுல சதை வளந்து கருவிழி மேல ஏறிடுச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்தோம், இது திரும்ப வளரக் கூடிய சமாச்சாரம், வெளிய போனா கருப்புக் கண்ணாடி போட்டே ஆகணும்னு டாக்டர் சொல்லி அனுப்புனாரு. அம்மா போட மாட்டாங்க. "கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நாத்து நடப் போனா தெருவுல சிரிப்பாங்கடி"ம்பாங்க. அதை நான் இன்னும் மறக்கல.

அதனால அந்தப் பொண்ணுக்கு நானே கும்பகோணத்துல மகாமகக் குளத்துக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடிக் கடையில போய் வாங்கினேன். பாலிகார்பனேட் லென்ஸ், அதாவது லேசுல உடையாத பிளாஸ்டிக், அதுல யு.வி. 400னு, அதாவது வெயில்ல வர்ற புற ஊதாக் கதிரைத் தடுக்கும்னு போட்டிருக்கணும்னு கேட்டு வாங்கினேன். நீங்களும் இதைப் பாத்து வாங்குங்க, திருவிழாக் கடையில தொங்குறதை வாங்காதீங்க. வெறும் கருப்புச் சாயம் இருந்து யு.வி. தடுப்பு இல்லன்னா இன்னும் மோசம், இருட்டுல கருவிழி நடுவுல இருக்குற பாப்பா விரியும், வேண்டாத கதிர் கூடுதலா உள்ள போகும். லென்ஸ் நிஜக் கண்ணாடியாவும் இருக்கக் கூடாது, பந்து பட்டா உடையும். பொண்ணுங்க ஆட்டத்துல பிட்சிங் தூரம், அதாவது பிட்சருக்கும் பேட்டர் நிக்கிற இடத்துக்கும் நடுவுல, 43 அடிதான், அதாவது 13 மீட்டர் சொச்சம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல பேட்லேர்ந்து பந்து நேரா திரும்பி வந்தா அரை செகண்டுக்கு உள்ள மூஞ்சிக்கு வந்துடும், அதுவும் போட்டு முடிச்சு ஒரு எட்டு முன்னால வந்து நிக்கிற பொண்ணுக்கு இன்னும் கம்மி. அந்த நேரத்துல கண்ணு கூசி நின்னா என்ன ஆகும்? இதை ஸ்டைலுன்னு சொல்றவங்களை ஒரு தடவை அந்த 43 அடியில நிக்க வைக்கணும்.

சரி, மேட்ச்சுக்கு வர்றேன். மேடையும் பந்தலும் மேற்குப் பக்கம், சாயங்காலம் விருந்தினருக்கு நிழல் வேணும்ல, அதனால ஹோம் பிளேட்டும், அதாவது பேட்டர் நிக்கிற இடமும், அந்தப் பக்கமே. இதுல தப்பு சொல்ல முடியாது, இதே மாதிரி மைதானம் இருக்குற பேஸ்பாலோட ரூல் புக்லயே ஹோம் பிளேட்லேர்ந்து பிட்சர் வழியா செகண்ட் பேஸ் போற கோடு கிழக்கு-வடகிழக்கைப் பாத்து இருந்தா நல்லதுன்னுதான் போட்டிருக்கு. பேட்டர் கண்ணுல சாயங்கால வெயில் அடிக்கக் கூடாதுன்னு அந்த ஏற்பாடு. ஆனா அப்படின்னா யாரு கண்ணுல அடிக்கும்? பிட்சர் கண்ணுலதான். பேட்டரைக் காப்பாத்துறதுக்காக பிட்சரை வெயிலப் பாத்து நிக்க வைக்கிற ஏற்பாடு இது, அப்புறம் அவ கண்ணாடி போட்டா குத்தம்னா எப்படிங்க? எங்க பக்கம் மலையா இருக்கு மறைக்க, மண்ணு தட்டையா கெடக்கு, தென்னந்தோப்பு இருந்தாத்தான் உண்டு, இல்லன்னா சூரியன் கரைக்கு இறங்குற வரைக்கும் நேரா மூஞ்சியிலதான்.

ரெண்டாவது இன்னிங்ஸ்ல எதிர் டீம் கோச் அம்பயர்கிட்ட போய் ஏதோ சொன்னாரு, அம்பயர் கழட்டச் சொல்லிட்டாரு. பொண்ணு என்னைப் பாத்துச்சு, நான் கழட்டுன்னு கை காட்டினேன், அம்பயர் சொன்னா அப்ப கேட்டுத்தான் ஆகணும். அந்த இன்னிங்ஸ்ல வரிசையா வாக், அதாவது நாலு பந்து தப்பா போய் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போயிடுறது. மைக்ல ஒருத்தர் "கருப்புக் கண்ணாடி போனதும் பவர் போச்சு"ங்கிறாரு, பந்தல்ல சிரிக்கிறாங்க. பதினாலு வயசுப் பொண்ணுங்க அது. மைக் கையில இருக்குன்னா என்ன வேணா பேசலாமா?

இன்னிங்ஸ் முடிஞ்சதும் டைம் கேட்டு அம்பயர்கிட்ட போனேன். சத்தம் போடல. "சார், பேட்டருக்குத் தொந்தரவுன்னாதான கழட்டணும், நீங்களே பேட்டர் நிக்கிற கட்டத்துல, பேட்டர்ஸ் பாக்ஸ்ல நின்னு ஒரு தடவை பாருங்க, மின்னுச்சுன்னா நானே வாங்கி பையில வச்சுக்கிறேன்"னு சொன்னேன். நல்ல மனுஷன், போய் நின்னாரு, பொண்ணைக் கண்ணாடி போட்டு ரெண்டு பந்து போடச் சொன்னாரு. லென்ஸ்ல ஒண்ணுமே மின்னல. ஆனா அப்பதான் அவரு கண்ணுல வேற ஒண்ணு பட்டுச்சு, வலது மணிக்கட்டுல செவப்பு சாமிக் கயிறு, கோவில்ல கட்டுனது, நுனி தொங்கிக்கிட்டு இருக்கு. ரூல்ல பந்து போடுற கையில, மணிக்கட்டுல பேண்டோ வளையலோ அந்த மாதிரி எதுவும் இருக்கக் கூடாதுன்னுதான் தெளிவாவே இருக்கு, அதை ரெண்டு இன்னிங்ஸா யாரும் பாக்கல, எதிர் டீம் பிட்சர் கையிலயும் கருப்புக் கயிறு இருந்துச்சு. அம்பயர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு அவுத்து இடது கையில கட்டிக்கச் சொன்னாரு, கண்ணாடி இருக்கட்டும்னுட்டாரு. அப்புறம் அந்தப் பொண்ணு போட்ட பந்தைப் பாக்கணுமே, பேட்டருக்குப் பின்னால பந்தைப் பிடிக்கிற கேட்சரோட கை சிவந்துபோச்சு. ஆனாலும் ஒரு ரன்ல தோத்தோம், அந்த வாக் எல்லாம் ரன்னா மாறியிருந்துச்சு.

"கயிறை அவுக்கச் சொல்றது சாமி விஷயம்"னு சண்டைக்கு வருவாங்கன்னு தெரியும். யாரும் சாமியத் தப்பா சொல்லல, இடது கைக்கு மாத்திக்கிட்டா சாமி கோச்சுக்காது. வெளிநாட்டுல பேட்டரை ஏமாத்துற மாதிரி கிளவுஸ்ல பந்து மாதிரி வட்டம் இருந்தாக்கூட விட மாட்டாங்க, எல்லாத்துக்கும் ஒரே காரணம்தான், பேட்டர் பந்தைப் பாக்கணும்.

இதை எழுதுறப்ப இன்னொண்ணும் சொல்லணும்னு தோணுது, சம்பந்தமில்லன்னு நெனச்சா தாண்டிப் போங்க. அன்னைக்குத் திரும்பி வர்றப்ப பஸ்ல கேட்சர் கிட் பைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டாரு கண்டக்டர், கேட்டதோட விடல, "இதென்ன பூரா மூட்டையா, எறங்கி அடுத்த பஸ்ல வாங்க"ன்னாரு. அதே பஸ்ல சீட்டுக்கு அடியில தார் தாரா வாழை இருந்துச்சு, அதுக்கு ஒரு பேச்சு இல்ல. தோத்துட்டு வர்ற பொண்ணுங்க, காலையில சாப்பிட்ட பொங்கலோட நிக்கிறாங்க, கையில பேட். கிரிக்கெட் கிட்டா இருந்தா "எந்த டீம் தம்பி"ன்னு கேட்டு எடம் குடுத்திருப்பாங்க. இது என்ன ஆட்டம்னே தெரியாதாம். 2028ல லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ல சாப்ட்பால் திரும்ப வருதுங்க, அப்பவாவது தெரிஞ்சுக்கங்க.

உங்க பொண்ணுக்குப் பவர் கண்ணாடி இருந்தா அதுலயே கலர் லென்ஸ் போட்டு வாங்கலாம், கிரிக்கெட்ல நியூசிலாந்து ஸ்பின்னர் வெட்டோரி காலம் பூராவும் கண்ணாடியோடதான் பந்து போட்டாரு. வாங்கினதும் மேட்ச் அன்னைக்கு மாட்டி விடாதீங்க, ஒரு வாரமாவது பிராக்டிஸ்ல போட்டுப் பழகட்டும், வியர்வையில மூக்குல வழுக்குதா, ஸ்ட்ராப் காதுல அழுத்துதான்னு அப்பதான் தெரியும். அம்பயர் கேட்டா மரியாதையா "பேட்டர்ஸ் பாக்ஸ்லேர்ந்து பாருங்க சார்"னு கோச்சை விட்டுச் சொல்லச் சொல்லுங்க, நீங்க கேலரியிலேர்ந்து கத்தாதீங்க. டாக்டர் கண்ணாடி போடச் சொல்லியிருந்தா அந்தச் சீட்டையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து கிட் பையில போட்டு விடுங்க.