கெயினைக் கூட்டினால் சிக்னல் இன்னும் கெடுகிறதே, ஏன்?

மாங்குளத்தில், கணினியில் செருகி ரேடியோ கேட்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிளின் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, 49.6 டெசிபெலில் வைத்து விமானப் பேச்சைத் தேடினால், எப்எம் பாட்டுத்தான் கேட்கிறது என்கிறீர்கள். டொங்கிளில் பழுதில்லை. பக்கத்திலேயே கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரம், 174 மீட்டர் உயரம். அங்கிருந்து வரும் பலத்த எப்எம் அலைகள் டொங்கிளுக்குள் இருக்கும் டியூனரைத் திணறடிக்கின்றன. நிலையமே இல்லாத இடத்தில் போலிச் சிக்னல்கள் முளைக்கின்றன. சிக்னலை எண்களாக மாற்றும் 8 பிட் ஏடிசியால் பலத்ததையும் மெலிந்ததையும் ஒன்றாகத் தாங்க முடியாது.

கெயினைத் தானாகவே மாற்றும் ஏஜிசியை நிறுத்திவிட்டு, கெயினைப் பூச்சியத்திலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள். சிக்னல் இரைச்சலுக்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள். அந்த இடைவெளி கூடாமல் இரைச்சலும் சேர்ந்து ஏறத் தொடங்கினால் ஒரு படி இறக்கி அங்கேயே விடுங்கள். இறக்கும்போது திரையில் மற்றவற்றைவிட வேகமாக விழுகிற சிக்னல் கோடு போலிதான்.

அப்புறம், எப்எம் வரும் 88–108 மெகாஹெர்ட்ஸை வெட்டும் பில்டர் ஒன்றை அன்டெனாவுக்கும் டொங்கிளுக்கும் நடுவில் போடுங்கள். என்னைக் கேட்டால், அம்ப்ளிபயருக்கு முன் வாங்க வேண்டியது இதுதான். அன்டெனாக் கம்பி ஏறத்தாழ 60 சென்டிமீட்டர், நிமிர்ந்து நிற்கட்டும். விமானப் பேச்சுக்கு மென்பொருளில் மோட் ஏஎம்.

பகலில் மட்டும் இரைச்சல் கூடுகிறதா? சோலார் இன்வேர்ட்டரை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாதி இரைச்சல் அதோடு போய்விட்டது.